பிரேக் விளக்கு எந்தக் கணத்தில் எரிய வேண்டும்?

பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள மோட்டார் சைக்கிள்களில், வலப்புற மிதிக்குச் சற்று மேலே, சட்டத்தோடு சேர்ந்த சிறு தகட்டின் துளைக்குள் விரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் உருளை நிற்பதைக் காணலாம். அதன் அடியிலிருந்து இறங்கும் மெல்லிய ஸ்பிரிங் பிரேக் மிதியில் கொக்கியால் மாட்டப்பட்டிருக்கும். இதுவே பிரேக் விளக்கு சுவிட்ச்.

உருளைக்குள் கீழ்நோக்கி நகரும் ஒரு தண்டு உண்டு. மிதியை அழுத்தினால் தண்டு இழுபடும். அதிலுள்ள உலோகத் தகடு இரு தொடுமுனைகளை இணைக்க, பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் பின்விளக்கின் 21 வாட் இழையைச் சென்றடையும். தண்டு நகரக்கூடிய தூரம் மிகக் குறைவு. மிதியோ அதைவிட அதிகமாக இறங்கும். இரண்டையும் கம்பியால் நேராக இணைத்திருந்தால், அவசரத்தில் ஓங்கி மிதித்ததுமே சுவிட்ச் பிய்ந்துவிடும். தண்டு தன் எல்லையைத் தொட்ட பிறகு மிதி இறங்கும் மிச்சத் தூரத்தை நீண்டு கொடுத்து ஏற்றுக்கொள்வது அந்த வெளி ஸ்பிரிங்தான். அது தொலைந்துபோனால் கட்டுக்கம்பியால் சமாளிப்பது தவறு என்பதற்குக் காரணமும் இதுவே.

புதிய சுவிட்சைப் பொருத்தும்போது, அதன் ஒயர் சூடாகும் சைலன்சரைத் தொடாதபடி பழைய வழியிலேயே கொண்டுசெல்ல வேண்டும். அடுத்து, சுவிட்சின் உயரத்தை மாற்றுவதற்கு முன் பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும். பலர் தவறவிடும் வரிசை இது. மிதியைப் பின்சக்கர பிரேக்கோடு இணைக்கும் பிரேக் ராடின் நட்டை இறுக்கினால் மிதி சும்மா இறங்கும் தூரம் குறைந்து, பிரேக் முன்னதாகவே பிடிக்கத் தொடங்கும். சுவிட்ச் பழைய நிலையிலேயே இருப்பதால் விளக்கு பிந்திவிடும்.

பிரேக் சரியான பின், சாவியைத் திருப்பி, மிதியைக் கையால் மெல்ல அழுத்திப் பார்க்கலாம். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே விளக்கு எரிய வேண்டும். பிந்தி எரிந்தால், உருளையை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள நட்டை மட்டும் திருப்பி உருளையை மேலேற்ற வேண்டும். மிகவும் முந்தி எரிந்தால் கீழிறக்க வேண்டும். உருளையையே திருகினால் ஒயர் முறுக்கி அறுந்துவிடும்.

சாதாரண பல்பின் இழை சூடேறி ஒளிர்வதற்கே ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவர் அதற்குள் 3 மீட்டருக்கு மேல் கடந்திருப்பார். சுவிட்சின் தாமதமும் அதனோடு சேரக் கூடாது. எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் விளக்கும் அதே அளவு ஆபத்தானது என்பேன். உண்மையில் பிரேக் பிடிக்கும்போது அதில் எந்த மாற்றமும் தெரிவதில்லை.

மிதித்தும் விளக்கு எரியவில்லையா? முன் பிரேக் லிவரைப் பிடித்துப் பாருங்கள். அதற்குத் தனி சுவிட்ச் உள்ள வண்டியில், அப்போது எரிந்தால் பல்பில் குறையில்லை. பின் சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, வண்டிப் பக்கத்து இரு ஒயர்களையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் விளக்கு எரிகிறதென்றால், சேறும் நீரும் புகுந்து சுவிட்ச் கெட்டுவிட்டது, மாற்றியாக வேண்டும்.