ஆச்சி முட்டுக்குள் படிந்த கல்

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி ஆச்சிக்கு வலது முட்டு வீங்கிவிட்டது. சாயங்காலம்தான் நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தைச் சுற்றிவிட்டு வந்தாள், விடியும்போது கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை, முட்டைத் தொட்டால் கொதிக்கிறது, போர்வை பட்டால்கூட "எய்யா, கொல்லுதே" என்கிறாள். எங்கும் விழவில்லை, இடிக்கவில்லை. வீட்டில் ஆளாளுக்கு "யூரிக் ஆசிட்தான், பருப்பைக் குறைங்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டோம்.

பாளையங்கோட்டை டாக்டர் இரத்தம் பார்த்தார். யூரிக் ஆசிட் சரியாக இருந்தது. கவுட், அதாவது யூரிக் ஆசிட் மூட்டில் படிகமாகச் சேர்ந்து வரும் வாதம், வந்த நேரத்திலும் சில சமயம் அப்படிக் காட்டும் என்பதால் அவர் அதோடு விடவில்லை, எக்ஸ்ரே எடுத்தார். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது, இரண்டு எலும்புக்கும் நடுவே வெறும் இருட்டு இடைவெளிதான் இருக்க வேண்டும். ஆச்சியின் படத்தில் அந்த இருட்டுக்குள் கோலமாவில் கம்பி இழுத்த மாதிரி மெலிசாக ஒரு வெள்ளைக் கோடு. அப்புறம் முட்டில் ஊசி போட்டுக் கலங்கிய மஞ்சள் நீரை எடுத்து, படிகங்களை மின்னவைத்துக் காட்டும் போலரைஸ்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். லேபில் இருந்த தம்பி என்னையும் பார்க்கவிட்டான். கவுட் படிகம் என்றால் ஊசி ஊசியாக, பளிச்சென்று மின்னும். இது கட்டை குட்டையாக, சாய்ந்த செங்கல் மாதிரி, மங்கலாக மின்னியது. சில துண்டுகள் இரத்த வெள்ளணுவின் வயிற்றுக்குள்ளேயே கிடந்தன.

இதே வித்தியாசத்தைத்தான் அமெரிக்க மருத்துவர் டேனியல் மெக்கார்ட்டியும் கூட்டாளிகளும் கவுட் என்று நினைத்த நோயாளிகளின் மூட்டு நீரில் கண்டு, 1962-இல் எழுதினார்கள். படிகம் யூரேட் (யூரிக் ஆசிட்டின் உப்பு) இல்லை, கால்சியம் பைரோபாஸ்பேட். நோய்க்கு சூடோகவுட், அதாவது போலி கவுட், என்று பெயர் வைத்தார்கள். வலியில் போலி ஒன்றும் இல்லை என்று ஆச்சி சாட்சி சொல்வாள்.

பைரோ என்றால் கிரேக்கத்தில் நெருப்பு. தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் வேகவைத்தால் கரியமில வாயு வெளியேறுகிறது இல்லையா, அதே மாதிரி டைகால்சியம் பாஸ்பேட் என்ற வெள்ளைப் பொடியைப் பல நூறு டிகிரியில் வறுத்தால் தண்ணீர் வெளியேறும். தண்ணீர் போன இடத்தில், தனித்தனியாக இருந்த இரண்டு பாஸ்பேட்டும் ஒரே ஆக்சிஜனைப் பங்கு போட்டுக்கொண்டு கைகோத்துவிடும். அந்த ஜோடிதான் பைரோபாஸ்பேட், அதோடு கால்சியம் ஒட்டியிருந்தால் நம்ம சரக்கு. சூடு ஏற ஏற காமா, பீட்டா, ஆல்ஃபா என்று உள் அடுக்கு மாறும், சுமார் 1,350 டிகிரியில்தான் உருகும்.

இந்தச் சூளைப் பொடிக்கு வேலை கொடுத்தது பற்பசை. 1950-களில் ஃப்ளோரைடைப் பற்பசையில் சேர்க்கப் பார்த்தபோது, பல் தேய்க்கப் போடும் சுண்ணாம்புப் பொடியே ஃப்ளோரைடைப் பிடித்து வைத்துக்கொண்டது, பல்லுக்குப் போய்ச் சேரவில்லை. வறுத்த கால்சியம் பைரோபாஸ்பேட் அவ்வளவாகக் கரையாது, அதனால் ஃப்ளோரைடை விட்டுவைத்தது. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வின் வழியாக வந்த கிரெஸ்ட் பற்பசை இப்படித்தான் பிறந்தது. உமிக்கரியில் பல் தேய்த்து வளர்ந்த ஆச்சிக்கு, அங்கே பல்லுக்குப் போட்ட பொடியின் சொந்தக்காரன் முட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறான்! சொந்தக்காரன்தான், அதே ஆள் இல்லை. முட்டில் இருப்பது தண்ணீரையும் சேர்த்துக் கட்டிய படிகம், நெருப்பே இல்லாமல் உடம்புச் சூட்டிலேயே உருவானது.

நெருப்பு இல்லாமல் எப்படி? செல்லுக்குச் சக்தி சுமக்கும் ஏடிபி என்ற மூலக்கூறு செல்லுக்கு வெளியே வரும்போது, அதை ஒரு நொதி வெட்டினால் பைரோபாஸ்பேட் ஜோடி விழுகிறது. இது கழிவு இல்லை, காவல். போர் தண்ணீர் காய்ச்சும் அண்டாவில் வெள்ளையாகப் படியுமே, அதற்கான சரக்கு நம் இரத்தத்திலும் இருக்கிறது, கால்சியமும் பாஸ்பேட்டும் கல்லாகிற விளிம்பில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. முளைவிடும் படிகத்தின் வளரும் முனையில் போய் பைரோபாஸ்பேட் ஒட்டிக்கொண்டால் அது மேலே வளராது. கொஞ்சம் இருந்தாலே போதும். பல்லில் காரை கட்டாமல் இருக்கச் சில பற்பசைகளில் சோடியம் பைரோபாஸ்பேட் போடுவதும் இந்தக் குணத்துக்காகத்தான். (பேக்கிங் பவுடர் பொட்டலத்தில் 450 என்று ஒரு எண் இருந்தால் அதுவும் இந்தக் குடும்பம், ஆனால் அங்கே வேலை கேக்கை உப்பவைப்பது.) ஏடிபி-யை வெட்டும் அந்த நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே இரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்துவிடுகிறது. காவல் இல்லாவிட்டால் கதி அதுதான்.

எலும்புக்கு மட்டும் கல் வேண்டும். அங்கே ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி ஜோடியைப் பிரித்துக் காவலை விலக்குகிறது. அந்த நொதி குறைந்தவர்களுக்கு எலும்பு சரியாக இறுகாது, தேங்கிய பைரோபாஸ்பேட் மூட்டிலும் படியும். வயதானால், அல்லது உடம்பில் மெக்னீசியம் குறைந்தால், இரும்புச் சத்து அளவுமீறிச் சேர்ந்தால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி அளவுமீறிச் சுரந்தால், குருத்தெலும்பில் கணக்கு தப்புகிறது. கல்லைத் தடுக்க வந்தவன் கூட்டம் கூடிப்போய், கால்சியத்தைச் சேர்த்துக்கொண்டு தானே கல்லாகிவிடுகிறான். எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த இடமே இதுதான்.

கல் படிந்த எல்லோருக்கும் வலிப்பதில்லை. அறுபது தாண்டிய பலர் அந்த வெள்ளைக் கோட்டோடு தெரியாமலேயே நடமாடுகிறார்கள். ஒரு காய்ச்சலோ அடியோ ஆபரேஷனோ வந்து படிகம் உதிர்ந்து மூட்டு நீரில் விழும்போதுதான் வினை. வெள்ளணு அதைக் கிருமி என்று நினைத்து விழுங்குகிறது, செரிக்க முடியாமல் உள்ளே அபாய மணி அடிக்கிறது, வீக்கத்தைக் கிளப்பும் இன்டர்லூகின்-1 என்ற புரதத்தைக் கொட்டுகிறது. கவுட்டின் ஊசியோ இந்தச் செங்கல்லோ, மணி ஒன்றுதான் என்று 2006-இல் ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானிகள் மார்ட்டினோனும் ட்ஷாப்பும் கூட்டாளிகளும் காட்டினார்கள்.

யூரிக் ஆசிட்டைக் குறைக்க மருந்து உண்டு, இந்தப் படிகத்தைக் கரைக்கும் மருந்து மட்டும் இன்றைக்கும் இல்லை. கோடு அப்படியே இருக்கும், மணியை அடக்கலாம். ஆச்சிக்கு முட்டு நீரை வடித்துவிட்டு, கோல்சிசின் அரை மில்லிகிராம் மாத்திரை கொடுத்தார்கள். நாலு நாளில் வாசல் வரை வந்துவிட்டாள். நான்தான் வாய் சும்மா இருக்காமல், இந்த மருந்து நம்ம வேலியோரச் செங்காந்தளிலும் இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன்.

"கலப்பக் கெழங்கா? அதத் தின்னா ஆளு போய்ச் சேந்துருவாவளேடே!"

உண்மைதான், அளவு மீறினால் கொல்லும் என்றேன். அன்றைக்கு ராத்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாத்திரை அட்டையை விளக்கடியில் பிடித்து, மிச்சம் எத்தனை என்று இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான் ஒன்றை விழுங்கினாள்.