இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள், பழைய சீட்டிலேயே ஓட்டவும் வேண்டாம்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, ஏழு வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். இரண்டு நாளாகக் காய்ச்சல், வாந்தி. காலையில் எழுப்பினால் கண் திறக்கவில்லை. விரலில் குத்திப் பார்த்தோம், சர்க்கரை 38. குளுக்கோஸ் ஏறியதும் முழித்தான். சாதாரணக் காய்ச்சலில் இந்த வயதில் இவ்வளவு இறங்காதே என்று மருந்துகளைக் கேட்டேன். மஞ்சப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தார். வீசிங்குக்கான ஸ்டீராய்டு மருந்து புளூட்டிகசோன், ஒரு பஃப்புக்கு 250 மைக்ரோகிராம்.

“எத்தனை பஃப்மா?”

“காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு சார். ஒன்றரை வருசமா மெடிக்கல்ல அதே சீட்டைக் காட்டி வாங்குறோம். ஸ்டீராய்டுனு அத்தை பயந்தாங்க, போன வாரம் நிறுத்திட்டோம்.”

நாளுக்கு 1000 மைக்ரோகிராம்! 6 முதல் 11 வயது வரை இந்த மருந்து 200-ஐத் தாண்டினாலே அதிக டோஸ்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரீனல் சுரப்பிதான் கார்டிசால் என்ற, உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கிறது. காய்ச்சல், ஆபரேஷன் என்று உடம்பு தடுமாறும்போது ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் விழாமல் பிடிப்பது அதுதான். இழுக்கும் ஸ்டீராய்டில் கொஞ்சம் நுரையீரல் வழியே ரத்தத்தில் சேரும். அதிக டோஸ் மாதக்கணக்கில் போனால், வெளியிலிருந்தே வருகிறதே என்று மூளை சுரப்பிக்கு உத்தரவு போடுவதைக் குறைத்துவிடும். சுரப்பி தூங்கிப்போகும். அப்போது மருந்தையும் சட்டென்று நிறுத்தினால்? 2002-ல் வெளியான பிரிட்டன் கணக்கெடுப்பு ஒன்றில், இழுக்கும் ஸ்டீராய்டால் அட்ரீனல் நெருக்கடியில், அதாவது கார்டிசால் போதாத ஆபத்தான நிலையில், விழுந்த 33 பேரில் 28 பேர் குழந்தைகள்.

பையனுக்கு ரத்தம் எடுத்த கையோடு, கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டோம். கார்டிசால் அடிமட்டத்தில் இருப்பதாகப் பிறகு ரிப்போர்ட் வந்தது.

நிறுத்தச் சொன்ன அந்த அத்தையை, பையனின் பாட்டியை, நான் குறை சொல்லமாட்டேன். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது, நிறுத்திய விதம்தான் தப்பு. குறைந்த டோஸில் இந்தச் சிக்கல் அரிது. அதையும் விட்டுவிட்டு வீசிங் முற்றி வருவதுதான் இங்கே நான் அதிகம் பார்ப்பது. எனக்குக் கோபம் அந்த ஒன்றரை வருடத்தின் மேல். வீசிங் மூன்று மாதம் கட்டுக்குள் இருந்தாலே டோஸைக் குறைக்கலாமா என்று பார்த்திருக்க வேண்டும். மூக்கு ஸ்ப்ரே, தோல் களிம்பு, வீசிங்குக்கு அடிக்கடி கொடுக்கும் ஸ்டீராய்டு சிரப் எல்லாம் இதோடு கூடும் கணக்கு. டாக்டரிடம் ஒன்றையும் விடாமல் காட்டுங்கள். அதிக டோஸ் எடுக்கும் பிள்ளை காரணமில்லாமல் சோர்ந்தாலோ, உயரம், எடை ஏறாமல் நின்றாலோ, காலை எட்டு மணிக்கு கார்டிசால் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

பையனுக்கு டோஸைப் படிப்படியாகக் குறைத்தோம். இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குழாய் வைத்து இழுக்கிறான். ‘ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தை, வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே ஹைட்ரோகார்ட்டிசோன்’ என்று எழுதிய அட்டை புத்தகப்பையில் இருக்கிறது. மெடிக்கலில் டப்பாவைத் திருப்பி, எத்தனை மைக்ரோகிராம் என்று அம்மாவே படித்துப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறாராம்.