நீறும் சுண்ணாம்பும் தண்ணீருக்குத் தயங்கும் கைகளும்

வைகாசிச் சடங்கு நெருங்கும் நாட்களில், மட்டக்களப்பின் அம்மன் கோயில் வளவுகளில் வெள்ளை அடிப்பதற்காகச் சுண்ணாம்பு நீற்றுவார்கள், அதாவது சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரோடு சேர்த்துக் கரைப்பார்கள். கண் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் எனக்கு அது கவலை தரும் காலம். வாளிக்குள் குனிந்து பார்த்த ஒருவரின் கண்ணில் கொதித்த சுண்ணாம்பு தெறித்து, ஒன்றரை மணித்தியாலம் கழித்தே அவரை எங்களிடம் கொண்டுவந்தார்கள். கண்ணில் தேங்காயெண்ணெய் விட்டிருந்தார்கள். தண்ணீர் மட்டும் ஒரு சொட்டும் படவில்லை. "தண்ணி பட்டாச் சுண்ணாம்பு கொதிக்கும்தானே, டொக்டர்" என்றார் உடன் வந்த மகன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. சிப்பியையோ சுண்ணக்கல்லையோ சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுடும்போது காபனீரொட்சைட்டு வெளியேறி, கல்சியம் ஒட்சைட்டு என்னும் சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. அது தண்ணீரோடு சேர்ந்து கல்சியம் ஐதரொட்சைட்டாக மாறுவது கடுமையான புறவெப்பத் தாக்கம், அதாவது வெப்பத்தை வெளிவிடும் இரசாயன மாற்றம். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறுவதற்கு ஏறத்தாழ 320 கிராம் தண்ணீர் போதும். ஆனால் அப்போது வெளிப்படும் வெப்பமோ மூன்று லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கக் கூடியது. ஆகவே தண்ணீர் குறைவாக இருந்தால் அது ஆவியாகிச் சுண்ணாம்பையும் சேர்த்துத் தூக்கி எறிகிறது. தாராளமாக இருந்தால் அதே வெப்பம் பரவித் தணிந்துவிடுகிறது. அந்த மகனுக்குத் தெரியாமற்போன மறுபாதி இதுதான். கண்ணுக்குள் விழுந்த துகள் நீறுவதற்குக் கண்ணீரே போதும். நாம் தண்ணீர் ஊற்றாமல் இருப்பதால் தாக்கம் நின்றுவிடுவதில்லை, அதை அடக்கக்கூடிய ஒன்றைத்தான் தடுத்துவிடுகிறோம்.

வெப்பம் தணிந்த பின்பும் காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான அரிக்கும் தன்மை, இருக்கிறது. நீறிய சுண்ணாம்புக் கரைசலில் அமில, காரத் தன்மையை அளக்கும் பீஎச் பெறுமானம் 12ஐத் தாண்டும். பெரும்பாலான அமிலங்கள் கண்ணின் மேற்பரப்பிலுள்ள புரதத்தை உறையவைத்துத் தமக்கே ஒரு தடையை உண்டாக்கிக்கொள்கின்றன. காரமோ கொழுப்பைச் சவர்க்காரமாக்கி, திசுக்களைக் கரைத்து உள்ளே இறங்குகிறது. சிவந்த கண்ணைக் கண்டு பயப்படுபவர்கள், இரத்த ஓட்டம் நின்று வெளுத்துப்போன கண்ணைக் கண்டு நிம்மதியடைவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அந்த வெளுப்புத்தான் எங்களை அதிகம் அச்சப்படுத்துகிறது.

எனவே முகத்தில் ஒட்டிய உலர்ந்த தூளை உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, உடனடியாகக் குழாய்த் தண்ணீரோ சுத்தமான கிணற்றுத் தண்ணீரோ கொண்டு, இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது அரைமணி நேரம் ஓடவிட்டுக் கழுவுங்கள். மேல் இமைக்குள் ஒட்டிய துகளை எடுக்க எங்களிடம் வரத்தான் வேண்டும். ஓட்டோவில் வரும் வழியிலும் போத்தல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வாருங்கள். எலுமிச்சம் புளியோ வினாகிரியோ விட்டுக் காரத்தை முறிக்க முயல வேண்டாம். அந்த நடுநிலையாக்கமும் வெப்பத்தை வெளிவிடும் தாக்கமே.

நீற்றும்போது, அகன்ற உலோகப் பாத்திரத்தில் முதலில் தண்ணீரை நிரப்பி, அதற்குள் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடுங்கள். குவித்து வைத்த சுண்ணாம்பின் மேல் தண்ணீரைத் தெளிக்காதீர்கள். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டில் இளகிவிடும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் குனிந்து பார்க்க வேண்டாம். மாரிக்கு முன் வாங்கி வைத்த மூட்டைகளை வைக்கோலுக்கோ கிடுகுக்கோ அருகில் வைக்காதீர்கள்; கூரை ஒழுகி நனைந்தால் தீப்பற்றவும் கூடும்.

வெற்றிலை வட்டாவில் இருப்பது ஏற்கெனவே நீறி ஆறிய சுண்ணாம்பு. அது சுடாது என்பதால் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி விட்டுவிடுகிறோம். பொதியைப் பிதுக்கி விளையாடும் குழந்தையின் கண்ணில் அது தெறித்தாலும் உள்ளே இறங்குவது அதே காரம்தான். அதற்கும் அதே அரைமணி நேரத் தண்ணீர் வேண்டும், அதுவும் அழுகையை அடக்கும் முன்பே.