மூன்று மாதக் குழந்தைக்கு என்ன பொம்மை வாங்கலாம்?

என்னிடம் வரும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்கும்போதே பாதிப் பேர் வாங்கி முடித்திருப்பார்கள். குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது விளையாட்டு, அன்றாடச் செயல்கள் வழியாகப் பயிற்சி தருபவராக, நான் சொல்லும் பதிலால் எந்தப் பொம்மைக் கடைக்கும் வியாபாரம் ஆகாது.

மூன்றரை மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மாவும் அப்பத்தாவும் வந்திருந்தார்கள். "இவன் என் முகத்தைப் பார்க்கவே மாட்டேங்கிறான் மேடம். போன்ல பாட்டுப் போட்டா மட்டும் கண் கொட்டாம பார்க்கிறான்" என்றார் அம்மா. கண்ணிலும் காதிலும் குறையில்லை என்று குழந்தை மருத்துவர் ஏற்கெனவே பார்த்து எழுதியிருந்தார். சரி, வீட்டில் எப்படி விளையாடுவீர்களோ அப்படியே விளையாடுங்கள் என்றேன்.

பாயில் மல்லாக்கப் படுக்க வைத்தார். ஒரு கையால் கிலுகிலுப்பையை ஆட்டினார், மறுகையால் வயிற்றில் கிச்சுக்கிச்சு மூட்டினார், கூடவே "குட்டி, இங்க பாரு, அம்மாவப் பாரு" என்று விடாமல் கூப்பிட்டார். அப்பத்தா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சொடக்குப் போட்டார். பையன் அம்மாவை ஒரு முறை பார்த்தான். உடனே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மா அந்தப் பக்கம் போய் இன்னும் பலமாக ஆட்டினார். அவன் விரல்களை விசிறிபோல் விரித்தான், கொட்டாவி விட்டான், முதுகை வில்லாக வளைத்தான், அப்புறம் அழுகை.

அவன் பார்க்க மறுக்கவில்லை. பார்த்துவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளத் திரும்பியிருக்கிறான். கண், காது, தோல் என்று எல்லா வாசலிலும் ஒரே நேரத்தில் ஆள் வந்து தட்டினால் இந்த வயதில் தாங்காது. முகத்தைத் திருப்புவது, தூக்க நேரமில்லாதபோது கொட்டாவி, விரல் விரிப்பது எல்லாமே 'கொஞ்சம் பொறு' என்று அவன் சொல்லும் விதம். விக்கலும் சில நேரம் இந்தக் கணக்கில் வரும். பால் குடித்தவுடன் வருவது வேறு.

கிலுகிலுப்பையை வாங்கி ஓரமாக வைத்தேன். அம்மாவை முழங்கால் மடக்கி உட்காரச் சொல்லி, தொடையில் அவரைப் பார்த்தபடி பையனைச் சாய்த்துப் படுக்க வைத்தோம். இரண்டு முகத்துக்கும் நடுவே ஓர் அடி. பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவதே 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான், பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கிற தூரம். மூன்று மாதத்தில் அதற்கு அப்பாலும் தெரியும் என்றாலும், முகத்தைப் படிக்க இதுவே வாகு.

"ஒண்ணும் பேசாதீங்க. அவன் உங்களைப் பார்க்கும்போது ஒரே ஒரு தடவை 'ஆ' சொல்லுங்க. அப்புறம் மனசுக்குள்ள பத்து எண்ணுங்க."

முதல் இரண்டு முறை நாலு எண்ணுவதற்குள் அம்மாவே மறுபடி 'ஆ' சொல்லிவிட்டார். பெரியவர்களுக்குப் பத்து எண்ணும் நேரம் ரொம்பவே நீளம். மூன்றாம் முறை பொறுத்தார். ஏழோ எட்டோ வந்திருக்கும். பையன் காலை உதைத்தான், வாயைக் குவித்தான், "ங்ஙா" என்றான். முதலில் சிரித்தது அப்பத்தா.

போன் இப்படிக் காத்திருக்காது. அவன் சிரித்தாலும் திரும்பினாலும் அது பாட்டுக்கு ஓடும். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. நம் இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் இரண்டு வயது வரை வேண்டாம் என்கிறது. வெளியூரில் இருக்கும் தாத்தாவோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் விலக்கு.

அதே 2019 வழிகாட்டியில் இன்னொன்றும் உண்டு. தவழத் தொடங்காத குழந்தை விழித்திருக்கும்போது, பல தடவையாகச் சேர்த்து நாளுக்கு அரை மணி நேரமாவது குப்புறக் கிடக்க வேண்டும். இங்கேதான் தூளியோடு எனக்குச் சின்னச் சண்டை. தூளி ஆட்டம் உள்காதில் இருக்கும் சமநிலை உணர்வுக்கு நல்ல தீனிதான். ஆனால் விழித்த நேரமும் அதிலேயே போனால் கழுத்தைத் தூக்கவும் கையை ஊன்றவும் இடமேது? பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் என்று ஐந்தாம் மாதத்தைப் பாடுவார்கள்: கையை ஊன்றி, தலையை நிமிர்த்தி அசைந்தாடும் குழந்தை. புலவர்கள் பாடியது தரையில் விட்ட பிள்ளையை. பாயில் போட்டால் அழுகிறானா, அப்பாவின் மார்பில் குப்புறப் போடுங்கள். இரண்டு நிமிடம் போதும், பிறகு கூட்டலாம். தூங்க வைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்க.

நான்கு மாதம் வாக்கில் கை நீளும், பிடித்ததெல்லாம் வாய்க்குப் போகும். போகட்டும், அவன் பொருளைத் தெரிந்துகொள்வதே வாயால்தான். குளிர்ந்த எவர்சில்வர் டம்ளர், துவைத்த துண்டு, மரக்கரண்டி, ஒரு நேரத்தில் ஒன்று. வாய்க்குள் முழுதாகப் போகிற சின்னச் சாமான், அறுந்து சிதறக்கூடிய கறுப்பு மணி, வசம்பு வளையல் இதெல்லாம் வேண்டாம். எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது நல்ல தொடுதல். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள், மூக்கில் விட்டது நுரையீரலுக்குப் போய்விடக்கூடும்.

மூன்று மாதம் முடிந்தும் ஆளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நகரும் முகத்தைக் கண் தொடரவில்லை, பெரிய சத்தத்துக்கும் அசைவில்லை என்றால் "அவங்க அப்பாவும் லேட்டுதான்" என்று காத்திருக்காதீர்கள். நான்கு மாதம் தாண்டியும் முஷ்டி மூடியே இருந்தாலும் காட்டுங்கள். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே, வளர்ச்சித் தாமதத்தை ஆரம்பத்திலேயே கவனிக்கும் இடையீட்டுச் சேவை மையங்கள் இருக்கின்றன, கட்டணமில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மாதத்தை எண்ணுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்தக் குடும்பம் வந்தது. "இப்பல்லாம் அஞ்சு எண்ணுறதுக்குள்ள பதில் சொல்லிப்புடுறான்" என்றார் அப்பத்தா. போன் இன்னும் முழுதாக நிற்கவில்லை. சமைக்கும்போது அம்மாவுக்கு இரண்டு கையும் வேண்டியிருக்கிறதே. அடுப்படி வாசலுக்கு வெளியே, சூடு எட்டாத தூரத்தில் பாயைப் போடச் சொன்னேன், அப்பத்தா பக்கத்தில் சும்மா உட்கார்ந்தால் போதும். அங்கிருந்து அம்மாவின் முதுகும் தெரியும், தாளிக்கும் சத்தமும் கேட்கும்.