விசிட் விசாவில் வந்து டீச்சர் வேலை தேடுபவர்களுக்கு

அக்டோபரில் ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு ஷார்ஜாவிலிருந்து ஒரு போன். வேதியியல் டீச்சர். எம்.எஸ்சி., பி.எட்., ஒன்பது வருட அனுபவம், திருச்சிப் பக்கம் பிளஸ் டூவுக்குப் பாடம் எடுத்தவர். (ஊரையும் பாடத்தையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.) ஏஜென்டிடம் ஒன்றே முக்கால் லட்சம் கட்டிவிட்டு, அறுபது நாள் விசிட் விசாவில் வந்து, ஆறு பேர் தங்கும் அறையில் ஒரு கட்டில் வாடகைக்கு எடுத்து இருக்கிறார். நாற்பத்து நாலு நாள் ஓடிவிட்டது. எந்தப் பள்ளியும் கூப்பிடவில்லை.

"மேடம், உங்க ஸ்கூல்ல ஏதாவது வேகன்ஸி இருக்குமா?"

"சர்டிபிகேட் எல்லாம் அட்டெஸ்ட் பண்ணியாச்சா?"

"வேலை கிடைச்சதும் பண்ணிக்கலாம்னு ஏஜென்ட் சொன்னார் மேடம்."

இந்த வருடம் இப்படி வந்த ஏழாவது போன் இது. அமீரகத்தில் பள்ளிக்கூட இன்டர்வியூ பேனலில் பல வருடமாக உட்காருகிறேன் என்பதால் யாரோ யாருக்கோ என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. எழுதிவிடுகிறேன், அனுப்பிக்கொள்ளுங்கள்.

பணத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் பேச அதிகமில்லை. ஆளை வேலைக்கு எடுக்கும் செலவை ஊழியரிடமிருந்து நேராகவோ சுற்றி வளைத்தோ வாங்கக் கூடாது என்று அமீரகத்தின் 2021-ஆம் வருடத் தொழிலாளர் சட்டமே சொல்கிறது. நம் பக்கத்தில், வெளியுறவு அமைச்சகத்தில் பதிவுசெய்த ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். பதிவு உண்டா இல்லையா என்று அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்க ஐந்து நிமிடம் போதும். தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்றை 1978-லிருந்து நடத்துகிறது. புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள், ஒன்றே முக்கால் லட்சம் கொடுக்குமுன் இதைப் பார்க்க மாட்டீர்களா?

சரி, என்னை உண்மையில் கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். "நேர்ல போனாத்தான் மேடம் கிடைக்கும். என் சித்தி பொண்ணு அப்படித்தான் வாங்கினா."

ஏழு போனிலும் இந்தச் சித்தி பெண் வந்தாள். அத்தை மகளாக, பக்கத்து வீட்டு அக்காவாக, கூடப் படித்தவளாக வேறு வேறு உருவத்தில் வந்தாள். ஒவ்வொரு முறையும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அவர் கணவர் இங்கே வேலை பார்க்கிறாரா? ஒவ்வொரு முறையும் பதில், ஆமாம்.

அந்தப் பெண் இருப்பது ஹஸ்பண்ட் விசாவில், அதாவது கணவர் பொறுப்பில் வாங்கிய குடியிருப்பு விசாவில். வெளியூரிலிருந்து ஓர் ஆசிரியரை எடுத்தால் ரெசிடென்ஸ் விசா, மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி, விமான டிக்கெட் எல்லாம் பள்ளியின் செலவு. பல இடங்களில் வீடும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுப் படி. கணவர் விசாவில் ஏற்கெனவே இங்கே குடியிருப்பவரை எடுத்தால் ஒர்க் பெர்மிட் மட்டும் வாங்கினால் போதும். வீடு கணவருடையது, விசா கணவருடையது. குறைந்த கட்டணம் வாங்கும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளின் பட்ஜெட் பெரும்பாலும் இவர்களை நம்பித்தான் ஓடுகிறது. இதைத்தான் நாங்கள் லோக்கல் ஹயர் என்போம். சித்தி பெண் சிவியைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி வேலை வாங்கியது உண்மை. அவளுக்கு அதுதான் சரியான வழி.

நீங்கள் விசிட் விசாவில் வந்தால் லோக்கல் ஹயர் ஆகிவிட மாட்டீர்கள். பள்ளிக்கு உங்களால் ஆகும் செலவு வெளியூர் ஆளுக்கு ஆகும் அதே செலவுதான். ஊரிலேயே இருந்திருந்தால் சான்றிதழ்களுக்கு அரசு முத்திரை வாங்கும் அட்டெஸ்டேஷன் வேலையையாவது முடித்திருப்பீர்கள். இங்கே உட்கார்ந்துகொண்டு அதுவும் முடியாது, ஏனென்றால் முத்திரைகள் இந்தியாவில், ஒரிஜினல் உங்கள் கட்டிலுக்கு அடியில் பெட்டியில். லோக்கல் ஹயரின் மலிவும் இல்லை, வெளியூர் ஆளின் தயார்நிலையும் இல்லை. விசிட் விசாவில் வந்து வேலை வாங்கியவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். நடுவில் யாராவது பிரசவத்துக்குப் போவார்கள், கணவருக்கு வேறு நாட்டுக்கு மாற்றலாகும். அந்த இடத்துக்கு எடுக்கப்பட்டவர்களில் எனக்குத் தெரிந்த ஒவ்வொருவர் கையிலும் அட்டெஸ்ட் செய்த சான்றிதழ் இருந்தது.

"முதல்ல சும்மா ஜாயின் பண்ணுங்க, விசாவை அப்புறம் மாத்திக்கலாம்" என்று ஒரு பள்ளி சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பெர்மிட் இல்லாமல் ஆளை வேலைக்கு வைத்தால் ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024-ல் சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். அந்த ரிஸ்க்கை எடுக்கும் பள்ளி உங்கள் சம்பளத்தை மட்டும் தேதி தவறாமல் போடும் என்றா நினைக்கிறீர்கள்?

அப்புறம் காலக்கணக்கு. இங்கே இந்தியப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கும். பிரிட்டிஷ், அமெரிக்கன், ஐபி பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியில். ஏப்ரலுக்கான ஆட்களை நவம்பரிலிருந்து தேடுவார்கள். ஆகஸ்ட் இடங்களுக்கு விளம்பரம் முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே வர ஆரம்பித்து, பெரும்பாலானவை மார்ச்சுக்குள் நிரம்பிவிடும். இன்டர்வியூ எல்லாம் ஜூமில். டெமோ கிளாஸைக்கூட ஆன்லைனில் பார்த்துவிடுகிறோம். மே மாதம் லீவு விட்டதும் பெட்டியைக் கட்டுகிறவர்கள், கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது மொய் கவரோடு வருகிறார்கள்.

சான்றிதழுக்கு வருவோம். அமீரகத்துக்கு என்றால் டிகிரிக்கும் பி.எட்.டுக்கும் மாநில உயர்கல்வித் துறை, அப்புறம் வெளியுறவு அமைச்சகம், அப்புறம் அமீரகத் தூதரகம், கடைசியாக இங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக முத்திரை வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அப்போஸ்டில் (ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஏற்கும் முத்திரை) வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள் சிலர். அது சவூதிக்குச் செல்லும், 2022 டிசம்பரிலிருந்து அங்கே ஏற்கிறார்கள். ஓமனுக்கும் பஹ்ரைனுக்கும் செல்லும். எந்த நாடு என்று முடிவு செய்துவிட்டு முத்திரைக்குப் போங்கள்.

"வகுப்புக்கே போக வேண்டாம், பரீட்சை மட்டும் எழுதுங்க" என்று பக்கத்து மாநிலத்தில் வாங்கிய பி.எட். பற்றியும் சொல்ல வேண்டும். ரெகுலராகப் படித்ததா, அஞ்சல் வழியா என்று பல்கலைக்கழகத்திடமே எழுதிக் கேட்பார்கள். நேர்மையாகப் படித்தவர்களே இதில் பட்ட பாடு உண்டு. சில வருடங்களுக்கு முன், நம் மார்க் ஷீட்டில் 'இன்டர்னல்', 'எக்ஸ்டர்னல்' என்று மதிப்பெண் பிரித்துப் போட்டிருந்ததை வைத்து, எக்ஸ்டர்னல் என்றால் தொலைதூரக் கல்வி போல என்று எண்ணி, பல இந்திய ஆசிரியர்களுக்கு இங்கே இணைச் சான்று (நம் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்ற சான்று) மறுத்துவிட்டார்கள். வேலை போனவர்களும் உண்டு. இந்தியத் தூதரகம் தலையிட்டுப் பேசிய பிறகுதான் சரியானது. ஒரு சொல்லுக்கே இந்தக் கதி. வகுப்புக்கே போகாத பி.எட்.டை எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

ஒரிஜினல் சான்றிதழ் உங்கள் கையில் இருக்கிறதா என்று கேட்டால் போனில் பாதிப் பேர் மௌனமாகிவிடுகிறார்கள். ஊரில் பள்ளி கரஸ்பாண்டென்ட் பீரோவில் இருக்கும். நடுவில் விட்டுப் போய்விடக் கூடாது என்று வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் தனியார் பள்ளிகளில் இன்னும் போகவில்லை. தயவுசெய்து சண்டை போடாமல், கல்வியாண்டை முடித்துக் கொடுத்துவிட்டு, அனுபவச் சான்றோடு சேர்த்து வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். ஏன் கெஞ்சுகிறேன் என்றால், அந்தப் பள்ளி முதல்வரிடம்தான் நாங்கள் உங்களைப் பற்றிக் கேட்போம். நீங்கள் கொண்டுவரும் நற்சான்றுக் கடிதத்தைப் பார்த்துவிட்டு ஃபைலில் போட்டுவிடுவோம். பள்ளியின் அதிகாரபூர்வ மெயிலுக்கு நாங்களே எழுதி, "இவரைக் குழந்தைகளோடு விடலாமா?" என்று நேராகக் கேட்போம்.

இது சம்பிரதாயம் இல்லை. 1969-லேயே கலிபோர்னியாவில் சிறுவர் பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஒரு ஆசிரியர், அதற்கப்புறம் நாற்பது வருடத்துக்கும் மேல் நாடு நாடாகப் போய் சர்வதேசப் பள்ளிகளில் பாடம் எடுத்திருக்கிறார். 2014-ல் தான் வெளியே வந்தது. அந்தப் பழைய தண்டனையைக் கண்டுபிடிக்காமலே பள்ளிகள் அவரை எடுத்திருக்கின்றன. அதற்குப் பிறகு, வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்று கேட்கிறோம். சிவியில் நாலு மாத இடைவெளி இருந்தாலும் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறோம். "வீட்டுல இருந்தேன்" என்பது நல்ல பதில்தான், மறைக்காமல் சொல்லுங்கள். இந்தியாவுக்கான சான்றை பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே விண்ணப்பித்து வாங்கலாம்.

இன்டர்வியூவில் நம்மவர்கள் எல்லாரும் சொல்லும் வாக்கியம்: "என் சப்ஜெக்ட்ல நூறு சதவீதம் ரிசல்ட் மேடம்." பாவம், ஊரில் அதை வைத்துத்தானே மதிப்பிட்டார்கள். இங்கே கேள்வி வேறு. ஒரே வகுப்பில் தமிழே தெரியாத, ஆங்கிலமும் அரைகுறையான, முந்தைய பள்ளியில் அந்தப் பாடத்தையே தொடாத பையன் இருந்தால் அவனுக்கு மோல் கணக்கை எப்படிச் சொல்லித் தருவீர்கள்? அதற்கு ஒரு உண்மையான உதாரணம் சொன்னால் பேனல் நிமிர்ந்து உட்காரும்.

பாஸ்போர்ட் பாகுபாடு உண்டா என்றால், உண்டு. ஆங்கில ஆசிரியர் விளம்பரங்களில் 'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்று வெளிப்படையாகவே போடுகிறார்கள், நான் பூசி மெழுகவில்லை. கணிதம், அறிவியல்காரர்களுக்குக் கதவு கொஞ்சம் அகலம். அவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று: இங்கிலாந்தின் க்யூடிஎஸ் என்ற ஆசிரியர் தகுதிக்கு 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் பயிற்சி பெற்றவர்களும் அங்கே போகாமலே விண்ணப்பிக்க வழி திறந்தது. 11 முதல் 16 வயது மாணவர்களுக்குக் கணிதமோ அறிவியலோ மொழியோ கற்பிக்கத் தகுதி பெற்றிருக்க வேண்டும். இங்கிலாந்து அரசின் தளத்தில் இதற்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. வெளிநாட்டு பிரிட்டிஷ் பள்ளிகளின் விளம்பரத்தில் அடிக்கடி கேட்கும் தகுதி இதுதான். இதை விட்டுவிட்டு, வார இறுதி ஓட்டல் ஹாலில் நடக்கும் 'சர்வதேச ஆசிரியர் பட்டயத்துக்கு' அறுபதாயிரம் கட்டுகிறீர்கள்.

ஆஃபர் லெட்டர் வந்தால் மெயில் முகவரியைப் பாருங்கள், ஜிமெயிலா பள்ளியின் சொந்த முகவரியா என்று. துபாய் தனியார் பள்ளிகளின் ஆய்வு அறிக்கைகளைக் கல்வி ஆணையமான கேஹெச்டிஏ பொதுவில் போடுகிறது, படித்துப் பாருங்கள். மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மகிழாமல் பேசிக் எவ்வளவு என்று பாருங்கள், கிராஜுவிட்டி அதிலிருந்துதான் கணக்கு: முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக். புரொபேஷன் ஆறு மாதத்துக்கு மேல் போட்டிருந்தால் அது சட்டப்படி செல்லாது. பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

ஷார்ஜா டீச்சரிடம் மிச்சமிருக்கும் பதினாறு நாளுக்குக் கட்டில் வாடகை கொடுக்காமல் டிக்கெட்டை முன்னால் மாற்றிக்கொண்டு ஊருக்குப் போகச் சொன்னேன். தீபாவளிக்குப் பிள்ளைகளோடு இருந்துவிட்டு, முத்திரை வேலையைத் தொடங்கினால் ஏப்ரல் இடங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வேலை இல்லாம திரும்பி வந்தேன்னு ஊர்ல என்ன சொல்றது மேடம்?" என்றார்.

இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொல்லச் சொன்னேன். நேற்று சென்னையிலிருந்து மெசேஜ் போட்டிருக்கிறார், பி.எட். ஒரிஜினல் மட்டும் இன்னும் பழைய பள்ளியில் இருக்கிறதாம்.