விசாரிச்சதும் பாதிரியார், சாட்சியும் பாதிரியார்

ஸ்காட்லாந்து சூனியக்காரி வழக்குன்னாலே எல்லாரும் கோர்ட்டு, தீர்ப்பு, நெருப்புன்னு நேரா அங்க போயிடுறோம், ஆனா கேஸ் உருவானது பெரும்பாலும் ஊர் சர்ச்சுலதான். 1563ல சூனியத்துக்கு மரண தண்டனைன்னு சட்டம் வந்துச்சு, 1736ல தான் அத எடுத்தாங்க, அதுக்குள்ள மாட்டினவங்கன்னு கணக்குல வந்தது 3,837 பேர், பெரும்பாலும் பொம்பளைங்க.

ஊருக்கு ஊர் கிர்க் செஷன்னு ஒன்னு இருந்துச்சு, அதாவது பாதிரியாரும் மூப்பர்களும் உக்காந்து யார் ஓய்வுநாள்ல வேலை செஞ்சா, யார் சண்டைல சாபம் விட்டான்னு விசாரிக்கிற கூட்டம். அந்தம்மா முணுமுணுத்துட்டுப் போச்சு, மறுநாள் என் மாடு செத்துச்சுன்னு ஒருத்தர் சொன்னா போதும், எழுதிக்குவாங்க. தண்டனை குடுக்க செஷனுக்கு அதிகாரம் கிடையாது, ஆனா ஃபைல் ரெடி பண்றது அவங்கதான். அத எடின்பரோவுக்கு அனுப்பி பிரிவி கவுன்சில்ல, அதாவது ராஜா பேர்ல நாட்ட நிர்வாகம் பண்ண சபையில, அனுமதி வாங்கிட்டா உள்ளூர் பெரிய மனுஷங்களே நீதிபதியா உக்காந்துக்கலாம். காகிதத்த பாத்துதான் அனுமதி, அதுல "பாதிரியார் முன்னாடி ஒத்துக்கிட்டா"ன்னு ஒரு வரி இருந்தா அதுக்கு தனி வெயிட்டு.

ஒத்துக்க வெச்சது எப்படி? பல ஊர்ல தூங்கவிடாமதான். முறை போட்டு ஆள் நின்னு ராத்திரி ராத்திரியா முழிக்க வெப்பாங்க. சில நாள் தூக்கம் போச்சுன்னா நமக்கு நடந்தது எது, இவங்க சொன்னது எதுன்னு மூளைக்கே பிரிச்சு பாக்க முடியாது, இல்லாத உருவம்லாம் தெரியும். அந்த நேரத்துல பிசாசு எங்க வந்தான், ஞானஸ்நானத்த துறந்தியா, கூட யார் இருந்தான்னு கேள்வி. பதில் கேள்விக்குள்ளயே இருக்கு பாருங்க. ஊர் ஜனம் சொன்னது மாடு, பால், சீக்குப் பிள்ளை கதைதான், பிசாசோட ஒப்பந்தம்லாம் பெரும்பாலும் படிச்சவங்க சரக்கு. கடைசில சொன்ன பேரெல்லாம் அடுத்த கேஸ்.

1662ல ஓல்டர்ன்ங்கிற ஊர்ல சூனியக்காரின்னு மாட்டின இசபெல் கவுடிங்கிற பொம்பள ஆறு வாரத்துல நாலு வாக்குமூலம் குடுத்தா. கேட்டவங்கள்ல முக்கியமான ஆளு பாதிரியார் ஹாரி ஃபோர்ப்ஸ். அவ ஒத்துக்கிட்டதுல ஒன்னு, ஃபோர்ப்ஸ் மேலயே மாய அம்பு விட்டாங்க, குறி தப்பிடுச்சுன்னு! தனக்கு எதிரா நடந்த குற்றத்த தானே விசாரிச்சு, வாக்குமூலத்துக்கு தானே சாட்சியாவும் இருந்தா அது என்ன விசாரணைங்க? அவளுக்கு கடைசில என்ன ஆச்சுன்னு பதிவே இல்ல.

அப்பவே சந்தேகப்பட்ட ஆளும் இருந்தாரு. ஜார்ஜ் மெக்கென்சின்னு ஒரு வக்கீல், முன்னாடி நீதிபதியாவும் இருந்தவர், 1678ல வந்த அவரோட சட்டப் புத்தகத்துல எழுதியிருக்கார். ஒத்துக்கிட்ட ஒரு ஏழைப் பொம்பள அவர்கிட்ட ரகசியமா சொன்னாளாம், நான் சூனியக்காரி இல்ல, ஆனா பேர் கெட்டுப்போச்சு, இனி யாரும் சோறு போட மாட்டாங்க, அடிப்பாங்க, நாய ஏவி விடுவாங்க, அதுக்கு செத்துடலாம்னுதான் ஒத்துக்கிட்டேன்னு. பாதிரியாருங்க ஆர்வக்கோளாறுல நிதானம் இல்லாம ஒத்துக்க வெக்கிறாங்கன்னு அவரே சொல்றார். சரி, அதுக்கு அவர் நீதிபதிங்களுக்கு சொன்ன வழி என்ன தெரியுமா, இருக்கறதுலயே புத்திசாலி பாதிரியாரா பாத்து அனுப்புங்கன்னு.