2008 டிசம்பர் 31 அன்று நிற்காமல் ஓடிய லூப்

"வைல் லூப் எழுதத் தெரிகிறது. ஆனால் ஓட விட்டால் சில சமயம் நிற்கவே மாட்டேன் என்கிறது. எங்கே போய்ப் பார்ப்பது?" என்று கல்லூரியில் முதலாமாண்டு படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

லூப் என்பது புரோகிராமின் சில வரிகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் அமைப்பு; 'வைல்' லூப் ஒரு நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை அப்படிச் செய்யும். அது வேலை செய்யும் விதம் எளிது. ப்ராசஸர் நிபந்தனையைச் சோதிக்கும். உண்மை என்றால் உள்ளே இருக்கும் வரிகளைச் செய்துவிட்டு மறுபடி நிபந்தனைக்கே தாவும். பொய் என்றால் வெளியே வந்துவிடும். ஆக, நிபந்தனையில் இருக்கும் மதிப்பை உள்ளே ஏதாவது ஒரு வரி மாற்றியாக வேண்டும். இதைப் புரிந்துகொள்ள உண்மையில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம்.

மைக்ரோசாஃப்ட் 2006 நவம்பரில் 'ஸூன்' என்ற மியூசிக் பிளேயரை வெளியிட்டது. 2008 டிசம்பர் 31 அன்று அதன் 30 ஜிபி மாடல்கள் ஒட்டுமொத்தமாக உறைந்து நின்றன. வைரஸ் எதுவும் இல்லை. தேதியைக் கணக்கிடும் சின்ன லூப் ஒன்றுதான் காரணம்.

அந்தக் கருவியின் கடிகாரம் 1980 ஜனவரி 1 முதல் நாட்களை எண்ணிக்கொண்டே வரும். அந்த எண்ணிலிருந்து வருடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். லூப் இப்படி இருந்தது:

வருடம் = 1980
நாள் > 365 என்று இருக்கும்வரை:
— லீப் வருடமா? ஆம் என்றால், நாள் > 366 ஆக இருந்தால் மட்டும் 366-ஐக் கழி, வருடத்தில் 1 கூட்டு
— இல்லை என்றால், 365-ஐக் கழி, வருடத்தில் 1 கூட்டு

பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். நாள் = 800 என்று வைப்போம். 1980 லீப் வருடம். 366 போக 434, வருடம் 1981. அது லீப் இல்லை. 365 போக 69, வருடம் 1982. 69 என்பது 365-ஐவிடச் சிறியது, லூப் முடிந்தது. 1982-இன் 69-ஆவது நாள், அதாவது மார்ச் 10. கச்சிதமான விடை.

சரி, இப்போது 2008 டிசம்பர் 31. நாள் = 10593. 28 சுற்று முடிந்ததும் வருடம் 2008, நாள் 366. நிபந்தனை: 366 > 365, உண்மை. உள்ளே போகிறோம். லீப் வருடமா? ஆம். 366 > 366? இல்லை. எதையும் கழிக்கவில்லை, கூட்டவும் இல்லை. மறுபடி மேலே. அதே 366, அதே 2008. பேட்டரி தீரும்வரை இதேதான். பேட்டரி முழுவதும் இறங்கட்டும், ஜனவரி 1 கிரீன்விச் நேரப்படி நண்பகலுக்குப் பிறகு சார்ஜ் போடுங்கள் என்றுதான் மைக்ரோசாஃப்டும் சொன்னது. மறுநாள் மிச்சம் 367 ஆகிவிடும். 366 போக 1, வருடம் 2009. லூப் தானாகவே வெளியே வந்துவிடும்!

இதைத் திருத்தச் சொன்னால் பலரும் உடனே, "366-க்குச் சமமாக இருந்தாலும் கழித்துவிடலாமே" என்பார்கள். செய்து பாருங்கள். லூப் நிற்கும். ஆனால் விடை 2009-இன் 0-ஆவது நாள்! லீப் வருடத்தில் மிச்சம் சரியாக 366 என்றால் கழிக்காமல் லூப்பைவிட்டு வெளியேற வேண்டும். அதுதான் சரி.

நம் கல்லூரிகளில் புரோகிராமை மனப்பாடம் செய்து ரெக்கார்ட் நோட்டில் அழகாக எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் எந்த மதிப்பு என்ன ஆகிறது என்று அட்டவணை போடச் சொல்லி அதற்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. லூப் கைக்கு வருவது அந்த அட்டவணையில்தான்.

இந்தப் பிழையைப் பிடிக்க 2008 வரை காத்திருந்திருக்கவும் வேண்டாம். நாள் = 366 என்று கொடுத்தால் 1980 டிசம்பர் 31; முதல் சுற்றிலேயே மாட்டிக்கொள்ளும். வாசகிக்கு என் பதிலும் இதுதான்: நிபந்தனையில் 365 என்று எழுதியிருந்தால் 364, 365, 366, 367 நான்கையும் கையால் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரிடம் கொடுங்கள்.